கரை உடைந்ததாகச் சொன்ன குரல்

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், நான் வாழ்க்கைப்பட்ட ஊரில், ஒரு அண்ணன் கேபிள் டிவி நடத்திவந்தார். சினிமாவும் சீரியலும் வருகிற சேனல்களோடு தனக்கென்று உள்ளூர் சேனல் ஒன்றும் வைத்திருந்தார். கல்யாணமான மறு வருஷம் நான் அதில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டில் சும்மா இருக்க எனக்கு வராது. துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, என் கணவர்தான் அந்த அண்ணனிடம் போய்க் கேட்டார்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் வேலை. போனில் கூப்பிடுகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசி, அவர்கள் கேட்கிற பாட்டைப் போடச் சொல்ல வேண்டும். முதல் நாள் அண்ணனிடம், “எப்படிண்ணே பேசறது?” என்று கேட்டேன்.

“ரேடியோல எப்படிப் பேசுவாங்களோ அப்படிப் பேசும்மா. வேற எதையும் போட்டுக் குழப்பிக்காத.”

எனக்கும் அதைத் தவிர வேறு மாதிரி தெரியாது. ரேடியோவில் நேயர்களின் பெயர்களை ஒரே மூச்சில் வாசிப்பார்களே, அதே ராகத்தில் நானும் இழுத்தேன். கூப்பிட்டவர்களும் ரேடியோவுக்குக் கார்டு எழுதுகிற மாதிரியே பேசினார்கள். அத்தை, மாமா, பக்கத்து வீட்டு அக்கா, அவர் வீட்டுக் கைக்குழந்தை என்று எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாட்டு. அப்போது சேனலில் கேமராவே கிடையாது. நான் பேசுகிற நேரம் முழுக்க டிவியில் ஒரு அருவிப் படம் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். டிவியை வைத்துக்கொண்டு நாங்கள் ரேடியோதான் நடத்தினோம். அது யாருக்கும் வினோதமாகத் தோன்றவில்லை.

பிறகு கேமரா வந்தது. அண்ணனின் மச்சான் கல்யாண வீடியோ எடுக்கிறவர். அவருக்குத் தெரிந்த படப்பிடிப்பு அதுதான் என்பதால், என்னை ரிசப்ஷன் நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னால் சரிகைத் துணி கட்டி, இரண்டு பக்கமும் லைட்டை வைத்தார். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வரச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை இல்லாததுதான் குறை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டினேன். திரையின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்தபோது, அச்சகத்தில் சுவரொட்டிக்கு எழுதுகிற வாசகங்களே அப்படியே அதில் ஓடின. கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, ஜவுளிக்கடைத் தள்ளுபடி எல்லாம் அதே வரிசையில், அதே அலங்காரத்தோடு.

அந்த நாட்களில் நான் கொஞ்சம் நிலைகொண்டிருந்தேன் என்று சொல்லலாம். அதிக நாள் இல்லை. வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்ததும் எங்கள் சேனல் யாரும் தேடிப்போகாத ஏதோ ஒரு எண்ணுக்குப் போய்விட்டது. எல்லார் கையிலும் போன் வந்ததும் பாட்டுக் கேட்க என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமும் போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் கூப்பிட்டால் அதிகம். மணி அடிக்காத போனையே பார்த்துக்கொண்டு, கேமரா முன்னால் சிரித்தபடி உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் தையல் மிஷின் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

என் கணவர் விளம்பர ஆட்டோ ஓட்டுகிறவர். மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஆம்ப்ளிஃபயர். அண்ணனின் ஸ்டூடியோவில் என் குரலைப் பதிவு செய்து, “வாருங்கள், வாருங்கள்” என்று தெருத்தெருவாகப் போட்டுக்கொண்டு போவார். ஆகவே சேனல் படுத்தாலும் என் குரல் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. நான் வீட்டில் ரவிக்கைக்குக் கைக்குழி வெட்டிக்கொண்டிருப்பேன். என் குரல் வாசலில் தள்ளுபடி சொல்லிக்கொண்டு போகும்.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்பது எல்லாருக்கும் தெரியும். விழுந்த மரங்களுக்கும் சாய்ந்த கம்பங்களுக்கும் நடுவில் அண்ணனின் கேபிள் முழுவதும் அறுந்து சுருண்டு கிடந்தது. அவர் அதை ஒரு நாள் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, “முடிஞ்சுதும்மா” என்றார். அதோடு சேனல் முடிந்தது.

கரண்ட் இல்லை, டிவி இல்லை, போனில் டவர் இல்லை. எங்கே தண்ணீர் லாரி நிற்கிறது, எங்கே பால்பவுடர் கொடுக்கிறார்கள் என்று அடுத்த தெருவுக்குத் தெரியாது. என் கணவர் ஆட்டோவைக் கிளப்பினார். பேட்டரி இருக்கிறவரைக்கும் ஓட்டலாம் என்றார். பதிவு செய்து போட வழியில்லாததால் நானே உள்ளே உட்கார்ந்து மைக்கில் சொல்லிக்கொண்டு போனேன். தள்ளுபடி சொன்ன ஸ்பீக்கரில் தண்ணீர் லாரி சொன்னேன். ஆட்டோ சத்தம் கேட்டால் மக்கள் விழுந்த மரங்களைத் தாண்டி ஓடிவந்தார்கள். களைப்பு தெரியவில்லை. சொன்னால் பொருந்துமோ என்னவோ, அந்த நாட்களில் என் மனம் சந்தோஷமாகவே இருந்தது.

புயல் ஓய்ந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை கசிகிறது என்று செய்தி. எங்கள் கிராம நிர்வாக அலுவலர் நனைந்துகொண்டே வந்து ஆட்டோவை நிறுத்தினார். “கர ஒடப்பெடுத்துருச்சு, உடனே சொல்லிருங்கம்மா. கீழத்தெருவ மொதல்ல காலி பண்ணச் சொல்லுங்க.”

நான் சொன்னேன்: “அவசர அறிவிப்பு. ஏரிக்கரை இப்போது உடைப்பெடுத்துள்ளது. கீழத்தெரு, வடக்குத்தெரு மக்கள் உடனடியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். ஆடு மாடுகளை அவிழ்த்துவிடுங்கள். கட்டிவைக்காதீர்கள்.”

கரை ஓர் இடத்தில் நிஜமாகவே உடைந்திருந்தது. கீழத்தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. அதற்குள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டோ போன வழியில் யாரோ ஒருவர் ஜன்னலோரம் நின்று அதைத் தன் போனில் பதிவு செய்திருக்கிறார். டவர் வந்ததும் சிங்கப்பூரில் இருந்த தம்பிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கேயிருந்து துபாய்க்கு, துபாயிலிருந்து திருப்பூருக்கு, அங்கேயிருந்து திரும்ப எங்கள் ஊருக்கு. வெளிநாட்டிலிருந்து முகம் தெரியாதவர்கள் என் கணவரின் எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். “இனிமே தினமும் ஊர் சமாச்சாரத்த இந்த மாதிரி பேசி அனுப்புங்கக்கா. ஆட்டோவே வேணாம், போன்ல பேசுனாப் போதும்” என்றார்கள். அண்ணன் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார். நான் தினமும் காலையில் இரண்டு நிமிஷம் பேசி அனுப்பினேன். எந்த ஊருக்குக் கரண்ட் வந்தது, எந்த ரோடு திறந்தது, நிவாரணத்துக்கு எங்கே எழுதிக்கொடுக்க வேண்டும். கேட்டவர்கள் அதை அடுத்த குரூப்புக்குத் தள்ளினார்கள். கரண்ட் வந்த பிறகும் அது நிற்கவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் பிடிப்பது, வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது, கோயில் திருவிழா எல்லாம் சேர்ந்துகொண்டது. சேனலில் இருந்தபோது இருந்ததைவிட அதிகம் பேர் என்னைக் கேட்டார்கள்.

எனக்கு ஒரு புதுத் தொந்தரவு ஆரம்பித்தது. அனுப்பிவிட்டு யார் யார் கேட்டார்கள் என்று பார்ப்பேன். வைத்துவிடுவேன். மறுபடி எடுப்பேன். குழம்பு கொதிக்கும்போதும் ஒரு கை போனில். சேனலில் மணி ஏழானால் நிகழ்ச்சி முடிந்தது, விளக்கணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். இதற்கு முடிகிற நேரம் என்று ஒன்று இல்லை.

மறு வருஷம் ஐப்பசி. சம்பா நட்டு முடித்திருந்த நேரம், நாலு நாளாக விடாத மழை. மத்தியானம் நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பெண் நனைந்துகொண்டே உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

“நீ இங்கயா உக்காந்துருக்க?”

“ஏன்?”

“கர ஒடஞ்சு போச்சுன்னு நீதான சொல்லிக்கிட்டுருக்க! கீழத்தெருவே கெளம்பிப் போய்க்கிட்டு இருக்கு.”

அவள் போனை நீட்டினாள். மழைச் சத்தத்துக்கு நடுவில், ஸ்பீக்கரின் இரைச்சலோடு என் குரல். அவசர அறிவிப்பு. ஏரிக்கரை இப்போது உடைப்பெடுத்துள்ளது. ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். வாசற்படியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அது போன வருஷத்து அறிவிப்பு என்று உறைத்தது. யாரோ பழையதைக் கேட்டு, கொட்டுகிற மழையையும் பார்த்து, நல்லெண்ணத்தோடுதான் தள்ளிவிட்டிருக்க வேண்டும்.

உடனே போனை எடுத்து, “அது பழைய பதிவு, இப்போது கரை நன்றாக இருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம்” என்று பேசி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் துபாயிலிருந்து ஒருவர் பதில் போட்டார். “அக்கா, ஒடஞ்சிருச்சுங்கறதும் நீங்க, நல்லாருக்குங்கறதும் நீங்க. இதுல எது பழசு? எந்த இப்போ?”

ஆட்டோவில் பேசும்போது ‘இப்போது’ என்றால் இப்போதுதான். கேட்கிறவரும் அதே மழையில் நிற்கிறார். அந்தச் சொல் போனுக்குள் போனபின் எந்த நாளிலும் இப்போதாகவே இருக்கிறது. ரேடியோவில் செய்தியைத் தேதியும் நேரமும் சொல்லி ஆரம்பிப்பார்கள். சின்ன வயதில் அது ஏதோ மரியாதைக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். மறுபடி பேசினேன். கிழமை, தேதி, மணி எல்லாம் சொல்லி, ஏரிக்கரையில் யார் நிற்கிறார்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். ஆனால் போனைப் பார்க்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

“வண்டிய எடுங்க” என்றேன் என் கணவரிடம்.

கீழத்தெருவுக்குப் போனபோது பாதி வீடு பூட்டியிருந்தது. தலையில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தவர்கள் என் குரலைக் கேட்டதும் இன்னும் வேகமாக நடந்தார்கள். இறங்கி நின்று முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பெரியவர் எரிச்சலோடு, “ஏம்மா, ஒரே வாயால எத்தன சொல்லுவ?” என்று கேட்டுவிட்டு, மூட்டையை இறக்காமலே பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் போனார். இரண்டு தெருவையும் சுற்றி முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டது. பொழுது சாய்வதற்குள் பெரும்பாலும் திரும்பிவிட்டார்கள். ஏரிக்கரை அப்படியே இருந்தது.

ஆட்டோவைத் திருப்புகிற இடத்தில் ஒரு பெண் வெறும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிற குடும்பம். சேனல் காலத்தில் தவறாமல் போன் செய்வார். குரலை வைத்துத்தான் எனக்கு அவரைத் தெரியும்.

“நீங்கதான தங்கச்சி? மாட்ட அவுத்துவிடுன்னு சொன்னது?”

“அது பழசுக்கா. போன வருஷம் சொன்னது.”

“அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு அவுத்துவிட்டுட்டேன். எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல.” குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கு இருட்டுகிறவரைக்கும் தேடினோம். மாடு கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் குரூப்பில் தேதி, மணி சொல்லி, “சிவப்பு ஜெர்சி மாடு, கயிறு இல்லாமல் போயிருக்கிறது, கண்டவர்கள் சொல்லுங்கள்” என்று பேசி அனுப்பிவிட்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் கன்று மட்டும் கட்டிக்கிடந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம் என்று அவிழ்க்காமல் வைத்திருக்கிறார்.

போட்டோக்கள் வந்து குவிந்தன. எங்கள் பக்கத்தில் இத்தனை சிவப்பு மாடு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாடு, தோப்பில் நிற்கிற மாடு, யாரோ தங்கள் வீட்டு மாட்டையே மாலை போட்டு எடுத்த பொங்கல் போட்டோ. ஒவ்வொன்றாகக் காட்டினேன். அக்கா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

“இதுல எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு. கழுத்துக்குக் கீழ தெரியல, மடி தெரியல.” போனை என்னிடமே திருப்பி நீட்டினார். “தங்கச்சி, ஒண்ணு பண்ணுங்க. கத்தச் சொல்லுங்க.”

“யாரக்கா?”

“மாட்டத்தான். நீங்க பேசி அனுப்புறீங்கள்ல? அந்த மாதிரி அது கத்துறத அனுப்பச் சொல்லுங்க. கேட்டாச் சொல்லிருவேன்.”

நான் அப்படியே பேசி அனுப்பினேன். குரூப்பில் முதலில் சிரிப்புப் பொம்மைகளாக வந்தன. ஒருவர் தானே மாடு மாதிரிக் கத்தி அனுப்பினார். ஒரு ஆடு வந்தது. பிறகு நிஜ மாடுகள் வந்தன. அக்கா ஒவ்வொன்றுக்கும் காதைக் கொடுத்துவிட்டு, “இல்ல”, “இல்ல, இது சினை மாடு”, “இது இல்ல” என்று தள்ளிக்கொண்டே இருந்தார். எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

மத்தியானத்துக்குமேல் ஒரு பதிவு வந்தது. ஒரு பெண் பேசினாள். “அக்கா, நாங்க தோப்புல காவலுக்கு இருக்கோம். இங்க ஒரு மாடு நேத்துலேருந்து நிக்குது, கேளுங்க.” பின்னால் மழைச் சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு நீளமான கூப்பாடு வந்து, கடைசியில் உடைந்து இறங்கியது.

அக்கா எழுந்துவிட்டார். “இன்னொருவாட்டி போடுங்க.”

போட்டேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கொட்டகையில் படுத்திருந்த கன்று முட்டி போட்டு எழுந்தது, கயிற்றை இழுத்துக்கொண்டு என் கையிலிருந்த போனைப் பார்த்துக் கத்தியது.

ஆட்டோவில் அந்தத் தோப்புக்குப் போனோம். மாடு இடது பின்னங்காலை ஊன்றாமல் நின்றது. ஏதோ வேலிக் கம்பி கிழித்திருந்தது. சுமை வண்டி பிடித்து ஏற்றிவந்தோம். கால் ஆற ஒரு மாதம் ஆனது. பால் பழைய அளவுக்கு வரவில்லை என்று அக்கா பிறகு சொன்னார். அன்றைக்கு வீட்டில் மாட்டை இறக்கிவிட்டு நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

“தங்கச்சி, கோச்சுக்காதீங்க. இனிமே நீங்க சொன்னீங்கன்னா, பக்கத்துல ஒரு ஆளக் கேட்டுட்டுத்தான் அவுப்பேன்.”

“அப்படித்தான்க்கா செய்யணும்” என்றேன். சொன்னேனே தவிர, வீடு வருகிறவரை அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பேரே, நான் சொன்னால் வேறு யாரையும் கேட்க வேண்டாம் என்பதுதான்.

கொஞ்ச நாள் பேசுவதை நிறுத்திவிட்டேன். போனை மிஷின் டிராயரில் போட்டு மூடினேன். அது மூடின டிராயருக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால், எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. மாட்டின் குரலைப் பதிவு செய்து அனுப்பிப் பழகியவர்கள் தாங்களே பேச ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். தோப்புக் காவலுக்கு இருந்த அந்தப் பெண் பேசியிருந்தாள். “இன்னிக்குச் செவ்வாக்கெழம, தேதி பன்னெண்டு, காலைல எட்டு மணி. எங்க வாய்க்கால்ல தண்ணி கொறஞ்சிருக்கு. நான் நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்.” இன்னொருவர் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று, லாரிச் சத்தத்தோடு பேசியிருந்தார். என் குரல் மாதிரி இழுத்துப் பேசவில்லை. ரேடியோ மாதிரியும் இல்லை, டிவி மாதிரியும் இல்லை. இருமினார்கள், தும்மினார்கள், நடுவில் குழந்தையை அதட்டினார்கள். ஆனால் எல்லாரும் தேதியும் மணியும் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். பொறாமையாக இருந்தது. அதே நேரத்தில் இன்னும் இரண்டு கேட்கலாம் போலவும் இருந்தது. நான் அவற்றை எடுத்து, பழையதையும் உறுதி இல்லாததையும் கழித்துவிட்டு, ஒன்றாகக் கோத்துக் காலையில் அனுப்பத் தொடங்கினேன். இப்போது என் வேலை பேசுவதைவிடக் கேட்பதுதான்.

அண்ணனும் சும்மா இல்லை. ஒரு ஸ்டாண்டில் போனை மாட்டி, “லைவ் போடலாம்மா, ஜனங்க மொகம் பாக்கணும்ங்கறாங்க” என்று வந்து நிற்கிறார். வாரத்தில் ஒரு நாள் உட்காருகிறேன். பெயர்கள் கீழேயிருந்து மேலே ஓடுகின்றன. பழைய பழக்கத்தில் ஒவ்வொன்றாக வாசிக்கப் பார்க்கிறேன். நான் ஒன்றை முடிப்பதற்குள் ஏழெட்டு போய்விடுகிறது. விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அண்ணன் அடுத்ததாக ஏதோ நிமிஷத்துக்கும் குறைவான வீடியோ என்கிறார். அதையும் செய்து பார்ப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு என்னைத் தெரியும்.

அந்தப் பழைய அறிவிப்பு மட்டும் சாகவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை வலுத்ததும் எங்கிருந்தோ கிளம்பி வருகிறது. ஒரு தடவை நன்னிலம் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, அவர்கள் ஊர்க் கரையா என்று கேட்டார். பெயர் சொல்லாத ஏரி எந்த ஊர் ஏரியாகவும் ஆகிவிடுகிறது. வந்ததும் மறுத்துப் பேசி அனுப்புகிறேன். நான் மறுத்துப் பேசியது போகாத இடத்துக்கும் அது போய்விடுகிறது. இந்த வருஷம் ஐப்பசி பிறந்து, நேற்றிலிருந்து மழை பிடித்திருக்கிறது. அறிவிப்பு இன்னும் வரவில்லை. என் கணவர் காலையிலேயே ஆட்டோவின் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டார்.